சொந்த நினைவை வரைய ஒரு சுவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், சிறுவர்களுக்கான ஓவியப் போட்டி அறிவிப்புகள் தங்கள் நாளிதழின் மதுரைப் பக்கங்களில் அடுத்தடுத்து வரத் தொடங்கிவிடுகின்றன. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை என்பதால் அவற்றை ஒன்றுவிடாமல் படித்துவருகிறேன். போட்டியை நடத்துவோர் யாராக இருந்தாலும் தலைப்புகள் மட்டும் மாறுவதில்லை. மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, தலைக்கவசத்தின் அவசியம், தேசத் தலைவர்கள், வருங்கால இந்தியா என்ற வட்டத்துக்குள்ளேயே அவை சுற்றி வருகின்றன. இவை வேண்டாத தலைப்புகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு குழந்தை தான் பயந்த பொழுதையோ, அப்பாவுக்காக வாசலில் காத்திருந்த மாலையையோ, அப்பத்தாவின் கை செய்துகொண்டிருந்த வேலையையோ வரைந்துவரும்படி கேட்கும் அறிவிப்பு ஒன்றையாவது இந்த நகரத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த ஆசைக்கான காரணங்களைத் தங்கள் வாசகர்களிடம் சொல்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இயற்கைக் காட்சி ஒன்றை வரையுங்கள் என்று மதுரைப் பிள்ளைகளிடம் சொன்னால், பெரும்பாலானவர்கள் இரண்டு முக்கோண மலைகளையும், நடுவில் பாதிச் சூரியனையும், கீழே ஓர் ஆற்றையும், கரையில் ஓலைக் குடிசையையும், பக்கத்தில் ஒரு தென்னை மரத்தையும் வரைந்து தருகிறார்கள். ஒத்தக்கடையிலிருந்து பேருந்தில் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு யானைமலை ஜன்னல் நிறையத் தெரிகிறது. பசுமலையும் நாகமலையும் திருப்பரங்குன்றமும் அவர்கள் அன்றாடம் பார்க்கும் மலைகள். இவற்றுள் ஒன்றுகூட முக்கோணமாக இல்லை. அப்படியிருந்தும் தாளில் வருவது முக்கோண மலைதான். கண்ணால் கண்டதை வரையலாம் என்ற அனுமதியை நாம் அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம் என்று பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். மலை என்றால் இப்படி, வீடு என்றால் இப்படி, அம்மா என்றால் இப்படி என்று யாரோ முன்பே வரைந்து முடித்துவிட்ட ஒன்றைத் திருப்பித் தருவதுதான் ஓவியம் என்று அவர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன், சித்திரைத் திருவிழா என்ற தலைப்பில் நடந்த ஒரு போட்டிக்கு வரைந்த படத்தை நான் இன்றும் மறக்கவில்லை. அவனுடைய படத்தில் அழகர் இல்லை. தங்கக் குதிரையும் இல்லை. தாளின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை கால்கள் மட்டுமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மடித்துக் கட்டிய வேட்டிகள், நனைந்த சேலைக் கரைகள், சலங்கை கட்டிய ஒரு கால், மணலில் சிக்கிய ஒற்றைச் செருப்பு, ஆட்டுத்தோல் பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் மேலிருந்து விழும் கோடுகள், இவற்றுக்கு நடுவே ஒரு சிறுவனின் மணிக்கட்டைப் பற்றியிருக்கும் மிகப் பெரிய ஒரு கை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று அவன் வைகைக்குள் கண்டது அவ்வளவுதான். அவனுடைய உயரத்திலிருந்து பார்த்தால் வேறெதுவும் தெரிந்திருக்காது. அழகர் எங்கே என்று கேட்டு நடுவர்கள் அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டார்கள். பரிசு பெற்ற படங்களில் எல்லாம் அழகர் இருந்தார், நாட்காட்டியில் இருப்பதைப் போலவே இருந்தார். அந்தச் சிறுவன் கூட்டத்தில் நசுங்கிய பயத்தையும், அந்தப் பயத்துக்குள் அப்பாவின் கை தந்த நிம்மதியையும் எந்தச் சொல்லும் இல்லாமல் தாளில் கொண்டுவந்திருந்தான் என்பதை அங்கே யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கை ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு ஓவியக் கல்வியில் தெளிவான விடை உண்டு. குழந்தைகள் தங்களுக்கு முக்கியமானதைப் பெரிதாகவும், முக்கியமில்லாததைச் சிறிதாகவும் வரைவார்கள் அல்லது விட்டுவிடுவார்கள் என்பதையும், அதைப் பிழை என்று திருத்தக் கூடாது என்பதையும் விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கல்வியாளர் 1947-ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கிறார். வெளிநாட்டார் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. நம் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்களில் கதைத் தலைவன் பெரிய உருவமாகவும் ஏவலர்கள் சிறிய உருவங்களாகவும் இருப்பதையும், கதை பட்டை பட்டையாக நகர்வதையும், உருவங்களுக்கு அருகிலேயே இன்னார் என்று எழுதிவைத்திருப்பதையும் யார் வேண்டுமானாலும் காணலாம். ஒரு குழந்தை தான் வரைந்த உருவத்தின் தலைக்கு மேல் அம்மா என்று எழுதுவதும் அதே மரபில் வருவதுதான். அழகர்கோயில் வசந்த மண்டபத்தின் இராமாயணக் காட்சிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வகுப்புக்கு வந்து வரையச் சொன்னால், தங்களுடைய வழக்கம் தவறானதன்று என்ற தைரியம் அவர்களுக்குத் தானாக வரும்.

மதுரைக்காரர்களுக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு கோயிலோடும் அரண்மனையோடும் நின்றுவிட்டது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. நான் வசிக்கும் திருநகருக்கு மிக அருகில் உள்ள திருப்பரங்குன்றத்தைப் பற்றிச் சங்க நூலான பரிபாடலின் 19-ஆம் பாடல் சொல்வதைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும். மதுரையிலிருந்து குன்றத்துக்குப் போன மக்கள் அங்கே மண்டபத்தில் எழுதப்பட்டிருந்த ஓவியங்களின் முன் நின்று, இவள் யார், இவன் யார் என்று கேட்பதும், இவள் இரதி, இவன் காமன் என்று தெரிந்தவர்கள் விடை சொல்வதும், அகலிகை கல்லான கதையை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதும் அதில் வருகின்றன. படத்தின் முன் நின்று பேசிக்கொள்வது இந்த ஊரில் அவ்வளவு பழைய பழக்கம். நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. போர்ப் பாசறையில் இருக்கும் பாண்டியனைப் பிரிந்த அரசி கட்டிலில் கிடக்கிறாள். மேலே கட்டியிருக்கும் மெழுகு பூசிய துணி விதானத்தில் வான்மண்டலம் எழுதப்பட்டிருக்கிறது. அதில் திங்களை விட்டுப் பிரியாமல் நிற்கும் உரோகிணி என்ற விண்மீனைப் பார்த்து அவள் நெடுமூச்சு விடுகிறாள். கணவனைப் பிரிந்த பெண் எந்தத் தெருவிலும் உண்டு. எந்தக் காலத்திலும் உண்டு. அந்தத் துயரத்தை வெளியே கொண்டுவர ஓர் ஓவியம் போதுமானதாக இருந்தது என்பதை அந்தப் பாட்டை எழுதிய நக்கீரர் அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார். ஓவியத்தால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் இந்த இடத்தைத்தான் எடுத்துச் சொல்வது வழக்கம்.

புதுக்கோட்டை அருகே உள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தாமரைக் குள ஓவியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அந்தக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. குளத்துக்குச் சமணச் சமயப் பொருள் உண்டு என்பது உண்மையே. ஆனாலும் மீன் துள்ளுவதையும், யானைகள் நீரில் நிற்பதையும், பூப்பறிப்பவர் தண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பதையும் வரைந்த கை, நம் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் நீண்ட நேரம் நின்று பார்த்த கண்ணுக்குச் சொந்தமானது என்றே நான் நம்புகிறேன்.

பழங்காலத்தை விட்டு நம் காலத்துக்கு வந்தால், இந்தப் பொருளில் மதுரை பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய பெயர் மனோகர் தேவதாஸ். 1936-ஆம் ஆண்டு மதுரையில் பிறந்து, சேதுபதி உயர்நிலைப் பள்ளியிலும் அமெரிக்கன் கல்லூரியிலும் படித்து, பின்னர் சென்னையில் வாழ்ந்து, 2022 டிசம்பரில் மறைந்தவர் அவர். முறையான ஓவியக் கல்லூரிப் படிப்பு இல்லாமலே, பேனாவையும் கறுப்பு மையையும் கொண்டு, தாம் சிறுவனாகக் கண்ட மதுரையை நுணுக்கமான கோடுகளால் தாளில் எழுப்பியவர். கோபுரங்கள் மட்டுமல்லாமல் வைகைக் கரை, வயல்வெளி, யானைமலை, சிறுவர்கள் நீந்திய கிணறு என்று ஒரு பையனின் நாள் எதில் எல்லாம் கழிந்ததோ அவை எல்லாம் அவருடைய படங்களில் இருக்கின்றன. பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்ல இருண்டு, குழாய் வழியாகப் பார்ப்பது போலப் பார்வைப் பரப்பு குறுகிக்கொண்டே வரும் விழித்திரை நோய் அவருக்கு இருந்தது. 1972-ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய மனைவி மஹிமா தோளுக்குக் கீழே செயலிழந்தார். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தக் கோடுகள் தொடர்ந்தன. தம்முடைய ஓவியங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு, அதில் வந்த பணத்தை இருவரும் அறப்பணிகளுக்குத் தந்தார்கள். 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அவருடைய படங்களை நான் மாணவர்களிடம் காட்டிய போதெல்லாம், எவ்வளவு நேர்த்தி என்று அவர்கள் முதலில் வியப்பார்கள். சிறிது நேரம் கழித்து, இந்த இடம் எனக்குத் தெரியும், இங்கே எங்கள் மாமா வீடு இருக்கிறது என்று பேச ஆரம்பிப்பார்கள். பரிபாடல் மக்கள் குன்றத்து மண்டபத்தில் பேசியதைப் போன்ற பேச்சுதான் அது. ஒரு மனிதர் தம் சொந்த நினைவை ஒளிவுமறைவில்லாமல், பொறுமையாக வரைந்துவைத்தால், பார்ப்பவர்களுக்கு அவரவர் நினைவு கிளர்ந்துவிடுகிறது. நுணுக்கம் கைவராத பிள்ளையின் படத்திலும் இது நடக்கும். கால்களை மட்டும் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்த எங்கள் பள்ளித் துப்புரவுப் பணியாளர் அம்மையார், தாம் சிறுமியாகத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து போன நாளைப் பற்றி அங்கேயே நின்று சொல்லி முடித்தார்.

துயரத்தையும் மகிழ்ச்சியையும் படமாக்கிப் பொதுவில் வைக்கும் ஆசை மதுரை மக்களுக்கு இயல்பாகவே அதிகம். காதணி விழாவுக்கும், பூப்பு நீராட்டு விழாவுக்கும், முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கும் தெருமுனையில் பேனர் கட்டாத வீடு குறைவு. சாலையை மறித்துக் கட்டப்படும் பேனர்களின் ஆபத்தைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதிவருவதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் பேனர்களைக் கேலி பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. செத்துப்போன தகப்பனை நாலு பேர் பார்க்கும் இடத்தில் வைத்து, இவர் எங்களுக்கு இன்னார் என்று சொல்ல நினைக்கும் பிள்ளையின் மனம் மதிக்கத்தக்கது. குறை வேறிடத்தில் இருக்கிறது. கணினியில் தயாராக இருக்கும் அதே மேகங்கள், அதே மெழுகுவத்தி, அதே ரோஜா ஆகியவற்றுக்கு நடுவே முகத்தை மட்டும் மாற்றி ஒட்டித் தருகிறார்கள். நாற்பது ஆண்டுகள் வைகைக் கரையில் துணி வெளுத்தவரும், நெல்பேட்டையில் மூட்டை தூக்கியவரும், மல்லிகைப்பூ கட்டிப் பிள்ளைகளை வளர்த்தவரும் ஒரே மேகத்தில் ஒரே மாதிரியாக மிதக்கிறார்கள். அவர் எப்படி உட்காருவார், எந்தத் துண்டைத் தோளில் போடுவார், எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார் என்பது எதுவும் அதில் இல்லை.

பிளக்ஸ் வருவதற்கு முன்பு போர்டு எழுதும் ஓவியர்கள் இதைச் செய்துவந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு முதிய ஓவியர், புகைப்படமே எடுத்துக்கொள்ளாமல் இறந்துபோன ஒரு பெரியவரின் உருவத்தை வரைந்த விதத்தைச் சொல்லியிருக்கிறார். இறந்தவரின் தம்பியை எதிரே உட்காரவைத்துக்கொண்டு, வீட்டார் சுற்றி நின்று, மூக்கு இன்னும் கொஞ்சம் கூர்மை, காது இதைவிடப் பெரிது, சிரித்தால் இடது கண் சுருங்கும் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அவர் அழித்து அழித்து வரைந்தாராம். படம் முடிவதற்குள் வீட்டிலிருந்த அத்தனை பேரும் அந்த மனிதரை மறுபடி ஒருமுறை முழுதாக நினைத்துப் பார்த்துவிட்டார்கள். உருவ ஒற்றுமை எவ்வளவு வந்தது என்பது எனக்குத் தெரியாது. அதைவிட அந்தப் பிற்பகல் முழுவதும் அவர்கள் கூடி உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசியதே பெரிய காரியம் என்று கருதுகிறேன். கட்டம் போட்டுச் சின்னப் படத்தைப் பெரிதாக்கத் தெரிந்த அந்தக் கைகள் பல இன்று வேறு வேலைக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பவர்களையாவது பள்ளிகளும் மாநகராட்சியும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

பாலத் தூண்களிலும் அரசு அலுவலகச் சுற்றுச்சுவர்களிலும் இப்போது ஓவியங்கள் தீட்டப்படுவது மகிழ்ச்சிக்குரியது. சுவரொட்டி ஒட்டுவது அதனால் குறைகிறது. ஆயினும் அங்கும் சீறும் காளையும் கோபுரமும் தப்பாட்டமும் திரும்பத் திரும்ப வருகின்றன. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு மதுரையை அடையாளம் காட்ட அவை போதும். இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்கிறவர்கள் தங்களைக் காண்பதற்கு அந்தச் சுவர்களில் ஒரு தூண்கூட இல்லை. மாட்டுத்தாவணியில் விடியற்காலையில் பூக்கூடையோடு இறங்கும் பெண்ணை, அரசு மருத்துவமனை வாசலில் தூக்குவாளியோடு காத்திருப்பவரை, மாவு அரைத்துக் கொடுத்து மகளைப் படிக்கவைத்த தாயை அவர்களுடைய பிள்ளைகளே வரைந்து ஒரு தூணில் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பள்ளிகளின் நிலையையும் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளிகளில் 2012-ஆம் ஆண்டு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள்கள் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட வேலை நேரம். அந்த நேரத்துக்குள் ஒரு பள்ளியின் பல வகுப்புகளைப் பார்க்கும் ஆசிரியர், கரும்பலகையில் ஒரு மாம்பழத்தைப் போட்டுப் பார்த்து வரையச் சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? போதாததற்குத் தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பு கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. பள்ளிக் கல்வித் துறை 2022-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கலைத் திருவிழா வரவேற்கத்தக்கது; அதில் ஓவியத்துக்கும் இடமிருக்கிறது. நினைவிலிருந்து வரைதல் என்ற ஒரு பிரிவையும் அதில் சேர்த்து, அதற்கு நேர்த்தியைப் பார்க்காமல் உண்மையைப் பார்த்து மதிப்பெண் இடும் முறையை வகுத்தால், ஆசிரியர்களும் வகுப்பில் அதற்கு நேரம் ஒதுக்குவார்கள். பொருட்செலவு ஒரு தடையே அல்ல. அழகர்மலையின் கிடாரிப்பட்டிக் குகைத்தளத்தில் காவிக்கல்லால் வரைந்தவர்களைப் போல, நம் பிள்ளைகளும் அடுப்புக்கரி, செம்மண், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் ஆகியவற்றைக் கொண்டே தொடங்கலாம்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடமும் உண்டு. நல்லெண்ணத்தால் மட்டும் அதைக் கடக்க முடியாது. சொந்த வாழ்க்கையை வரையச் சொன்னால், சில குழந்தைகள் குடித்துவிட்டு வரும் தகப்பனை வரைவார்கள். அடி வாங்கியதை வரைவார்கள். இறந்த தம்பியை வரைவார்கள். அப்படி வந்த படத்தை வகுப்பில் தூக்கிப் பிடித்து விளக்கம் கேட்பதும், அனுமதி பெறாமல் சுவரில் மாட்டுவதும் பெரும் கொடுமை. படத்தைக் காட்டுவதா, மறைத்து வைத்துக்கொள்வதா என்ற முடிவு வரைந்த குழந்தையிடம் இருக்க வேண்டும். கறுப்பு வண்ணத்தைப் பயன்படுத்தினால் மனச்சோர்வு, சிவப்பென்றால் கோபம் என்று ஆசிரியர்கள் தாங்களாகக் கணக்குப் போடுவதும் கூடாது; பெட்டியில் மிஞ்சியிருந்தது கறுப்பு மட்டுமாக இருக்கலாம். அதே நேரத்தில், குழந்தைக்கு உண்மையான ஆபத்து இருப்பது படத்தின் வழியே தெரியவந்தால், அதை அழகான ஓவியம் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், தலைமையாசிரியரிடம் சொல்வதும், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைப்பதும் ஆசிரியரின் கடமை. இந்தப் பயிற்சியை ஆசிரியர்களுக்கு ஒரே நாளில் கொடுத்துவிட முடியும்.

குழந்தைகளோடு இதை நிறுத்திவிடவும் வேண்டாம். பேச்சில் தயங்கும் முதியவர்கள், பென்சிலைக் கையில் கொடுத்து உங்கள் பழைய வீட்டின் அமைப்பைப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டால், திண்ணை இங்கே, தொழுவம் இங்கே, உரல் இங்கே என்று வரைந்துகொண்டே தடையில்லாமல் பேசத் தொடங்குவதை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். கோலத்தில் பழகிய கைகளுக்குக் கோடு அந்நியமானதன்று. தனக்கு வரைய வராது என்று சொல்லிக்கொண்டே அறுபது ஆண்டுகளாக வாசலில் சிக்குக்கோலம் போட்டுவரும் பெண்கள் மதுரையில் எத்தனையோ பேர்.

புது நத்தம் சாலையில் 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். அங்கே ஒரு சுவரை இதற்கென ஒதுக்கி, மாதந்தோறும் படங்களை மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரைந்தவரின் கையெழுத்திலேயே இரண்டு வரி எழுதவைத்துக் காட்சிப்படுத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். பரிசும் தரவரிசையும் அதற்கு வேண்டாம். போட்டி நடத்தும் அமைப்புகள், அடுத்த கோடையில் தங்கள் தலைப்புகளுள் ஒன்றையாவது எங்கள் வீட்டில் ஒரு நாள் என்று வைத்துப் பார்க்கட்டும். படங்களைப் பிரித்துப் பார்க்கவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவும் என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு படத்துக்குக் கால் பக்கம் ஒதுக்க முடியுமா என்பதையும் அன்புகூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறேன். முதல் சில வாரங்களுக்கான படங்களை, வரைந்தவர்களின் ஒப்புதலோடு, நாங்களே சேகரித்து அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
திருநகர், மதுரை.